முதலில் கொடு, பிறகு கணக்குப் பார்

“கோடீஸ்வரக் கிழவருக்கு எதற்கு அரசாங்கக் காசில் ஹீட்டிங்?” பிரிட்டனில் எந்த மேடையில் இந்தக் கேள்வியைக் கேட்டாலும் கைதட்டல் நிச்சயம். இடதுசாரி சமத்துவத்தின் பேரால் கேட்கிறார், வலதுசாரி சிக்கனத்தின் பேரால் கேட்கிறார், பொருளாதார நிபுணர் செலவின் பயனைக் காட்டிக் கேட்கிறார். பதிலே இல்லாத கேள்வி என்ற நினைப்பு மூவருக்கும் பொது. ஆனால் பதில் இருக்கிறது. அதைக் கேட்க மறுத்த 2024-25 குளிர்காலத்தில் அடிபட்டவர்களில் கோடீஸ்வரர் எவரும் இல்லை.

நடந்தது இதுதான். 1997-இல் நிதியமைச்சர் கார்டன் பிரவுன் முதியோருக்குக் குளிர்கால எரிபொருள் உதவித்தொகையைக் கொண்டுவந்தார். 20 பவுண்டில் தொடங்கிய தொகை, 2000-ஆம் ஆண்டில் வீட்டுக்கு 200 பவுண்டாக உயர்ந்தது. பிறகு 80 வயதைக் கடந்தவர் இருக்கும் வீட்டுக்கு 300 பவுண்டு என்றானது. ஓய்வூதியப் பதிவேட்டில் பெயர் இருந்தால் போதும்; குளிர் இறுகும் நேரத்தில் பணம் வங்கிக்கு வந்துவிடும். 2024 ஜூலை 29 அன்று, தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்து நான்கு வாரம் முடியும் முன்பே, நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் இதை மாற்றினார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பென்ஷன் கிரெடிட் போன்ற, வருமானம் பார்த்துத் தரப்படும் உதவிகளைப் பெறும் முதியோருக்கு மட்டுமே இனி இந்தப் பணம் என்றார். பெறுவோர் எண்ணிக்கை 1 கோடியே 8 லட்சத்திலிருந்து 15 லட்சமாகச் சுருங்கும் என்று அரசே கணக்குச் சொன்னது. செப்டம்பர் 10 அன்று நாடாளுமன்றத்தில் 348-க்கு 228 என்ற வாக்கில் அரசு வென்றது.

பத்து மாதத்தில் அரசு பின்வாங்கியது. ஆனால் ஆணைதான் மாறியது, அதைப் பெற்றெடுத்த கருத்து அப்படியே இருக்கிறது. ரீவ்ஸ் செய்தது சரி, சொன்ன விதம்தான் தவறு, முதியோர் ஓட்டுக்குப் பயந்து நல்ல சீர்திருத்தத்தைக் கைவிட்டார்கள் என்பதே இன்றும் படித்தவர்கள் வட்டாரத்தில் கேட்கும் பேச்சு. என் மறுப்பு அந்தப் பேச்சுக்குத்தான்.

அந்தக் கருத்தை அதன் முழு பலத்தோடு முதலில் சொல்லிவிடுவோம். அரசின் பணத்துக்கு எல்லை உண்டு. முந்தைய ஆட்சி 2,200 கோடி பவுண்டு பள்ளத்தை விட்டுப் போனதாக ரீவ்ஸ் சொன்னார். பிரிட்டிஷ் முதியவர்களில் பலர் கடன் தீர்ந்த சொந்த வீட்டில் இருக்கிறார்கள். வாடகை கொடுத்தே ஓய்ந்துபோகும் இளம் குடும்பங்களைவிட வசதியாக இருக்கிறார்கள். விலைவாசி, சம்பளம், 2.5 விழுக்காடு ஆகிய மூன்றில் எது அதிகமோ அந்த அளவுக்கு அவர்களுடைய அரசு ஓய்வூதியம் ஆண்டுதோறும் ஏறுகிறது. இவ்வளவும் இருக்க, 200 பவுண்டை எல்லோருக்கும் இறைப்பதைவிட ஏழைக்கு மட்டும் கொடுப்பது நியாயம். மிச்சத்தைக் குழந்தைகளுக்குச் செலவிடலாம், வீடுகளைச் சரிசெய்யலாம்.

இப்படிச் சொல்பவர்கள் கல்நெஞ்சர்கள் அல்லர். ஏழைக்கே முதலிடம் என்பது அவர்கள் கொள்கை. எனக்கும் அதுவே கொள்கை. அதே கொள்கையை வைத்துப் பார்த்தால் அவர்கள் முடிவு நிற்காது என்பதே என் வாதம்.

1. வருமானச் சோதனை ஏழையைத் தேடிப் போவதில்லை. படிவம் நிரப்பத் தெரிந்தவருக்காகக் காத்திருக்கிறது.

“ஏழைக்கு மட்டும்” என்று காகிதத்தில் எழுதியது நடைமுறையில் “பென்ஷன் கிரெடிட் வாங்குபவருக்கு மட்டும்” என்று மாறியது. இரண்டும் ஒன்றா? அறிவிப்பு வந்தபோது அரசின் கையில் இருந்த மதிப்பீட்டின்படி, பென்ஷன் கிரெடிட்டுக்குத் தகுதியுள்ள குடும்பங்களில் 63 விழுக்காடுதான் அதை வாங்கிக்கொண்டிருந்தன. 8 லட்சத்து 80 ஆயிரம் குடும்பங்கள் வரை தகுதி இருந்தும் கேட்கவில்லை. அதாவது, அரசின் சொந்த அளவுகோலில் ஏழை என்று தேறும் மூன்று வீடுகளில் ஒரு வீட்டுக்கு மேல் ஏற்கெனவே பட்டியலுக்கு வெளியே நின்றது. அந்தப் பட்டியலைத்தான் இன்னொரு உதவிக்கும் வாசலாக வைத்தார்கள்.

அவர்கள் ஏன் கேட்கவில்லை? படிவத்தில் 200-க்கும் மேற்பட்ட கேள்விகள். எல்லாவற்றுக்கும் எல்லோரும் பதில் எழுதத் தேவையில்லை என்று அரசு சமாதானம் சொன்னது. எதை விட்டுவிடலாம் என்று தெரிந்துகொள்ளவே படிவம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் வேண்டும். கண்பார்வை மங்கியவர், மனைவி இறந்த பிறகு கணக்கு வழக்கு எதுவும் புரியாமல் நிற்பவர், சேமிப்பில் நாலு காசு இருப்பதால் தனக்குக் கிடைக்காது என்று தானே முடிவு கட்டியவர், அரசிடம் கையேந்துவதைக் குறைவாக நினைப்பவர் என்று வெளியே நிற்பவர்கள் பல வகை. கிழக்கு லண்டனில் பிள்ளைகள் வேலைக்குப் போன வீட்டில் தனியாக இருக்கும் ஈழத்து அம்மாவுக்கு அந்த ஆங்கிலப் படிவம் எப்படி இருக்கும் என்று நம்மில் பலருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முதுமையும் தனிமையும் நோயும் யாரை அதிகம் வாட்டுகின்றனவோ அவர்தான் இந்தச் சோதனையில் முதலில் தோற்பவர். வசதி குறைந்தாலும் விவரம் தெரிந்தவர் உள்ளே போய்விடுகிறார்.

நமக்கு இது புதிய பாடமும் இல்லை. பிரவுன் அந்தத் தொகையைத் தொடங்கிய அதே 1997-இல்தான் இந்திய அரசு ரேஷனை வறுமைக்கோட்டுக்கு மேலே, கீழே என்று பிரித்தது. தமிழ்நாடு அந்தப் பிரிவினையை ஏற்காமல் எல்லோருக்குமான ரேஷனைத் தொடர்ந்தது. வசதியானவர்களுக்கும் அரிசி போகிறதே என்று அன்றும் கேட்டார்கள். கோடு போட்ட மாநிலங்களில் உண்மையான ஏழைகள் அட்டை கிடைக்காமல் அலைந்ததைப் பார்த்த பிறகு அந்தக் கேள்வியின் குரல் இங்கே தணிந்தது.

2. கோடு எங்கே போட்டார்கள் என்று பாருங்கள்.

2024-25-இல் தனியாக வாழும் முதியவருக்குப் பென்ஷன் கிரெடிட் உத்தரவாதம் செய்த வருமானம் வாரத்துக்கு 218 பவுண்டு 15 பென்ஸ். அதே ஆண்டு புதிய அரசு ஓய்வூதியத்தின் முழுத் தொகை 221 பவுண்டு 20 பென்ஸ். வாழ்நாளெல்லாம் உழைத்து, காப்பீட்டுச் சந்தா முழுவதும் கட்டி, அரசு ஓய்வூதியத்தைத் தவிர வேறு வருமானமே இல்லாதவர் வாரத்துக்கு 3 பவுண்டு 5 பென்ஸ் அதிகமாக வாங்கினார். உடல் ஊனம் போன்ற கூடுதல் தகுதி எதுவும் இல்லையென்றால் அவர் வெளியே.

அந்த 3 பவுண்டு 5 பென்ஸை ஆண்டுக்குப் பெருக்கினால் 158 பவுண்டு 60 பென்ஸ். இழந்தது 200 பவுண்டு. கோட்டுக்கு மேலே நின்றதால் அவர் கோட்டில் நின்றவரைவிட ஏழையானார். கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கோ குறைவதை அரசு நிரப்பித் தருகிறது, உள்ளாட்சி வரியில் சலுகை தருகிறது, 75 வயதானால் தொலைக்காட்சி உரிமக் கட்டணத்தையும் தள்ளுகிறது. அவருக்குக் கிடைப்பதில் எனக்குப் பொறாமை இல்லை. “கோடீஸ்வரருக்கு எதற்கு” என்று கேட்டுத் தொடங்கிய வாதம், ஆண்டுக்கு 11,500 பவுண்டில் வாழ்பவரின் பையில் கைவிட்டு முடிந்ததே, அதற்குப் பதில் என்ன?

3. மிச்சம் எங்கிருந்து வந்தது?

முதல் ஆண்டில் 140 கோடி பவுண்டு மிச்சமாகும் என்றார்கள். கூடவே, தகுதியுள்ளவர்கள் எல்லோரும் பென்ஷன் கிரெடிட்டுக்கு விண்ணப்பியுங்கள் என்று விளம்பரமும் செய்தார்கள். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். கேட்காமல் விடப்பட்ட பென்ஷன் கிரெடிட் ஆண்டுக்குச் சுமார் 200 கோடி பவுண்டு என்பது அரசின் மதிப்பீடு. விளம்பரம் முழு வெற்றி பெற்றிருந்தால் மிச்சமாக வேண்டிய 140 கோடியும் போய், மேலே கடன் வாங்க வேண்டியிருந்திருக்கும்.

அப்படி ஆகாது என்று அரசுக்குத் தெரிந்தே இருந்தது. கேட்பவர் விகிதம் 63-இலிருந்து 68 விழுக்காடாக மட்டுமே உயரும் என்று வைத்துத்தான் சேமிப்புக் கணக்கே போடப்பட்டது. மூன்றில் ஒரு பங்கு ஏழைகள் இனியும் கேட்க மாட்டார்கள் என்ற எதிர்பார்ப்பு அந்தக் கணக்கிற்கு உள்ளே உட்கார்ந்திருக்கிறது. அறிவிப்புக்குப் பிறகு விண்ணப்பங்கள் குவிந்தது உண்மை. அவ்வளவு பேர் அதுவரை தகுதியோடு வெளியே நின்றார்கள் என்பதற்கு அந்தக் குவியலே சாட்சி. ஏழையிடம் போய்ச் சேருவதற்கான திட்டம், ஏழை வராமல் இருந்தால்தான் லாபம் தரும் என்றால், அதற்குச் சீர்திருத்தம் என்று பெயர் வைக்கலாமா?

4. “ஹீட்டிங்குக்கு என்று கொடுத்தால் ஒயினுக்குப் போகிறது” என்கிறார்கள். ஆதாரம் நேர் எதிராக இருக்கிறது.

கையில் விழும் காசு காசுதான், அதன் மேல் எந்தப் பெயரை ஒட்டினாலும் மனிதர் தன் விருப்பப்படிதான் செலவு செய்வார் என்பது பாடப்புத்தகப் பொருளாதாரம். டிமத்தி பீட்டி, லாரா புளோ, தாமஸ் கிராஸ்லி, கோர்மாக் ஓடே ஆகிய பொருளாதார ஆய்வாளர்கள் நால்வரும் இதே உதவித்தொகையை எடுத்துச் சோதித்தார்கள். 2014-இல் வெளியான அவர்கள் ஆய்வின்படி, பெயர் எதுவும் ஒட்டாத காசாக இருந்தால் அதில் 3 விழுக்காடு அளவுக்குத்தான் எரிபொருளுக்குப் போயிருக்கும். “எரிபொருள் உதவி” என்று பெயர் சொல்லிக் கொடுத்ததால் சராசரியாக 47 விழுக்காடு எரிபொருளுக்கே போனது.

பில்லைப் பார்த்துப் பயந்து ரேடியேட்டரைத் திறக்காமல் கம்பளிக்குள் சுருண்டிருக்கும் முதியவருக்கு, இந்தப் பணம் இதற்காகத்தான் என்று ஒருவர் சொல்வது அனுமதி மாதிரி. அது பணத்தின் அளவைவிடப் பெரிய வேலையைச் செய்கிறது. பத்து மாதம் மேடைதோறும் அந்தத் தொகையை “வசதியானவர்களின் கைச்செலவு” என்று கேலி பேசியவர்கள் இந்த ஆய்வைப் படித்திருந்தால் வேறு உதாரணம் தேடியிருப்பார்கள்.

5. “முதியவர் போதும், குழந்தைகளைப் பாருங்கள்” என்ற வாதம் நியாயமானது. அதைப் பேசியவர்கள் குழந்தைகளுக்கு என்ன செய்தார்கள்?

பிரிட்டனில் குழந்தைகளின் வறுமை முதியோர் வறுமையைவிட அதிகம். மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் காலண்டரைப் பாருங்கள். 2024 ஜூலை 23 அன்று, மூன்றாவது பிள்ளைக்கு உதவி கிடையாது என்ற 2017 விதியை நீக்கக் கோரி வாக்களித்த தொழிற்கட்சி உறுப்பினர்கள் ஏழு பேரைக் கட்சி இடைநீக்கம் செய்தது. ஆறு நாள் கழித்து முதியோரின் குளிர்கால உதவி பறிபோனது. ஒரே வாரத்தில் பிள்ளைக்கும் இல்லை, பாட்டிக்கும் இல்லை.

ஒரு ஏழையிடமிருந்து எடுத்து இன்னொரு ஏழைக்குக் கொடுக்கும் திட்டம் எதுவும் அந்த மேசையில் இருக்கவில்லை. எடுத்த பணம் பற்றாக்குறைப் பள்ளத்துக்குள் போனது. தலைமுறைகளுக்கு இடையிலான நீதி என்ற பேச்சு அதற்குப் போர்த்திய சால்வை. குளிரில் வாடும் இளம் குடும்பங்களுக்கும் உதவி வேண்டும் என்பதே நம் கவலை என்றால், உதவியை அவர்கள் வரை நீட்டுவதுதான் அதற்கு வழி. பாட்டியின் ரேடியேட்டரை மூடுவதால் பேரனின் அறை சூடாகாது.

6. “ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றாதே, பானையை மாற்று” என்கிறார்கள். மாற்றும் வரை குடிப்பது எதை?

மறுப்பவர்களின் வாதங்களில் மிக வலுவானது இது. பின்லாந்தும் ஸ்வீடனும் பிரிட்டனைவிடக் கடுங்குளிர் நாடுகள். ஆனாலும் கோடையைவிடக் குளிர்காலத்தில் கூடும் சாவுகளின் விகிதம் பிரிட்டனில்தான் அதிகமாக இருந்து வந்திருக்கிறது. காரணம் வீடு. விக்டோரியா காலத்துச் செங்கல் சுவருக்கு நடுவே இடைவெளி இல்லை. ஜன்னல் இடுக்கில் காற்று நுழைகிறது. உள்ளே எரித்த கேஸின் சூடு தெருவுக்குப் போகிறது. சுவருக்கும் கூரைக்கும் வெப்பக்காப்பு போடாமல் ஆண்டுதோறும் பில்லுக்குப் பணம் கொடுப்பது தீர்வாகாது. ஒப்புக்கொள்கிறேன்.

அந்தத் தீர்வு எந்த நிலையில் இருக்கிறது? 2020-இல் 150 கோடி பவுண்டில், 6 லட்சம் வீடுகளைச் சரிசெய்வோம் என்று ஒரு மானியத் திட்டம் தொடங்கினார்கள். ஆறு மாதத்தில் இழுத்து மூடினார்கள். 47,500 வீடுகளுக்கு மேல் தேறாது என்று தேசியத் தணிக்கை அலுவலகம் கணித்தது. அதன் பின் வந்த திட்டங்களில் வெளிச்சுவர்க் காப்பு போட்ட வீடுகளில் 98 விழுக்காட்டில் பெரிய குறைகள் இருப்பதாக அதே அலுவலகம் 2025 அக்டோபரில் சொன்னது. குளிரைத் தடுக்கப் போட்ட காப்பு சுவரில் ஈரத்தையும் பூசணத்தையும் கொண்டுவந்து சேர்த்த வீடுகள் உண்டு. வாடகைக்கு இருப்பவர் தன் விருப்பத்துக்குச் சுவரைத் தொடவும் முடியாது.

வீடுகளைச் சரிசெய்ய இன்னும் பத்து, இருபது ஆண்டு ஆகும். 80 வயதானவருக்கு அத்தனை குளிர்காலம் மிச்சமில்லை. சரிசெய்யும் வரை பில்லுக்கு உதவுவது, சரிசெய்வதற்கு எதிரானதும் இல்லை. பில்லுக்கான உதவியை வெட்டியவர்கள் அந்தப் பணத்தில் சுவர்களைக் கட்டவும் இல்லை.

7. இரண்டு தவறுகளும் ஒரே எடையா?

எந்த உதவித் திட்டமும் இரண்டு விதமாகத் தவறும். வேண்டாதவருக்குப் போகலாம், வேண்டியவருக்குப் போகாமல் இருக்கலாம். முதல் தவறுக்குத்தான் தலைப்புச் செய்தி. மாளிகையில் உட்கார்ந்து 200 பவுண்டு வாங்கும் பிரபுவைப் படம் எடுத்துப் போடலாம். இரண்டாவது தவறு நடக்கும் வீட்டுக்குள் எந்தக் கேமராவும் போவதில்லை.

அந்த வீட்டில் நடப்பது என்ன? உலக சுகாதார நிறுவனம் குளிர்நாடுகளில் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி வெப்பம் இருக்க வேண்டும் என்கிறது. அதற்குக் கீழே போகப்போக ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, ரத்த அழுத்தம் ஏறுகிறது, ரத்தம் உறையும் போக்கு கூடுகிறது. மாரடைப்பும் பக்கவாதமும் நெஞ்சுச் சளியும் இப்படித்தான் குளிரோடு வருகின்றன. பிரிட்டனின் கூடுதல் குளிர்காலச் சாவுகளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், அதாவது 21.5 விழுக்காடு, மிகக் குளிர்ந்த கால்பங்கு வீடுகளால் வருபவை என்று பொதுச் சுகாதார ஆய்வாளர் மைக்கேல் மார்மட்டின் குழு 2011-இல் மதிப்பிட்டது. முன்பணம் போட்டு ஓட்டும் மீட்டர் உள்ள வீட்டில் காசு தீர்ந்தால் கேஸ் நிற்கும். அன்றாட நிலைக்கட்டணம் மட்டும் நிற்காமல் கடனாக ஏறும். இந்த வீடுகளின் துன்பம் வெளியே எளிதில் தெரிவதில்லை.

அரசுக்கு இது தெரியாதா? வாக்கெடுப்பு முடிந்து இரண்டு மாதம் கழித்து, நவம்பரில் வெளியிட்ட கணிப்பில் அதுவே சொன்னது: இந்த வெட்டினால் ஆண்டைப் பொறுத்து 50,000 முதல் 1 லட்சம் முதியவர்கள் கூடுதலாக வறுமைக்குள் விழுவார்கள். வாக்களித்தவர்கள் கையில் அந்தத் தாள் அன்று இல்லை.

முதல் தவறைத் திருத்த வழி இருக்கிறது. பிரபுவுக்குப் போன 200 பவுண்டை வரித்துறை அடுத்த கணக்கில் பிடித்துக்கொள்ளலாம். இரண்டாவது தவறை எந்தத் துறை திருத்தும்? ஜனவரியில் நெஞ்சுச் சளியோடு மருத்துவமனைக்குப் போனவரின் படிவத்தை மார்ச்சில் ஏற்றுக்கொண்டு என்ன பயன்?

2025 ஜூன் 9 அன்று அரசு போட்ட புதிய ஏற்பாடு, இந்த வேறுபாட்டை ஒப்புக்கொண்ட ஏற்பாடு. பணம் எல்லா ஓய்வூதியருக்கும் தானாகப் போகும். ஆண்டு வருமானம் 35,000 பவுண்டைத் தாண்டுபவர் முன்கூட்டியே வேண்டாம் என்று சொல்லலாம். சொல்லாவிட்டால் வரித்துறை திரும்ப எடுத்துக்கொள்ளும். 90 லட்சம் பேர் கையில் பணம் நிலைக்கும். எல்லோருக்கும் கொடுப்பதோடு ஒப்பிட்டால் 45 கோடி பவுண்டு மிச்சம்.

முதலில் சொன்ன 140 கோடி எங்கே, இந்த 45 கோடி எங்கே என்று கேட்பார்கள். கேட்கட்டும். நடுவில் இருக்கும் தொகை 35,000 பவுண்டைத் தாண்டாத வருமானத்தில் வாழ்பவர்களின் பணம்; வாரத்துக்கு 221 பவுண்டில் வாழ்பவரும் அவர்களில் உண்டு. அதை மிச்சம் என்று எழுதியதே பிழை. புதிய ஏற்பாட்டிலும் ஒரு கோடு இருக்கிறது. 35,000-க்கு மேல் ஒரு பவுண்டு போனாலும் தொகை முழுவதும் போகும். அது குறைதான். ஆனால் அந்தக் குறையால் 35,000 பவுண்டு வருமானம் உள்ளவர் குளிரில் கிடக்கப் போவதில்லை.

ஆக, “யாருக்குக் கொடுப்பது?” என்ற கேள்வியோடு இந்த விவாதத்தை நிறுத்திக்கொண்டதே தவறு. நிரூபிக்கும் வேலை யாருடையது என்றும் கேட்டிருக்க வேண்டும். வரித்துறையிடம் பெரும்பாலோரின் வருமான விவரம் இருக்கிறது, ஓய்வூதியத் துறையிடம் எல்லோர் வயதும் வங்கிக் கணக்கும் இருக்கிறது. மின்கட்டணத்தில் 150 பவுண்டு கழிக்கும் சலுகையை 2022 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெரும்பாலானவர்களுக்கு அரசுப் பதிவுகளை ஒப்பிட்டே கொடுக்கிறார்கள், விண்ணப்பம் கேட்பதில்லை. முடியும் என்று அரசே காட்டிவிட்ட பிறகு, பார்வை மங்கியவரிடம் 200 கேள்வியை நீட்டுவதற்கு நிர்வாகத் தேவை என்று எதுவும் இல்லை. குறைந்த வருமானத்தில் குழந்தைகளை வளர்க்கும் வீடுகளுக்கும் இதே முறையில் உதவி போக வேண்டும்.

வசதியானவர் தனக்கு இது வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கட்டும், கொடுக்காவிட்டால் வரியில் கட்டட்டும். அவருக்கு அதற்குக் கணக்கர் இருக்கிறார், நேரம் இருக்கிறது, சூடான அறை இருக்கிறது. இல்லாதவரிடம் இல்லாமைக்குச் சான்று கேட்பதை நிறுத்திவிட்டு, இருப்பவரிடம் இருப்பதற்குக் கணக்குக் கேட்கும் அரசுதான் ஏழைக்கு முதலிடம் என்று சொல்லத் தகுதி உள்ள அரசு.